நீலம் வெளுக்கும்வரை

ஏப்ரல் 9
தீவு ஆய்வு நிலையம்

அன்புள்ள பாட்டி,

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். வாந்தியெல்லாம் தபால் படகோடு போயிற்று. நீ பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டைக்கு மேல் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று போட்டிருக்கிறேன். நான் நடந்து வந்தால் மூட்டை உருண்டு வருவதுபோல் இருக்கிறதாம்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். ஒரு சொட்டுக் கடல்நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் கண்ணாடி, பாட்டி. வட்டமாக, ஓடம்போல, சங்கிலியாகக் கோத்ததுபோல. டயட்டம் என்று பெயர். கடலில் மிதக்கிற உயிர். நம் பட்டறையில் மாத்திரை டப்பி செய்கிறோமே, அடி ஒன்று, மூடி ஒன்று என்று, ஒவ்வொன்றும் அப்படி ஒரு டப்பிக்குள் குடியிருக்கிறது. இரண்டாகப் பிரியும்போது ஒன்று அடியை எடுத்துக்கொள்ளும், மற்றது மூடியை. மீதிப் பாதியை அவரவர் செய்துகொள்ள வேண்டியதுதான். அப்பா உலையில் வெந்து செய்கிற வேலையை இவை பல் கிட்டுகிற குளிர்த் தண்ணீரில் செய்கின்றன.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்றால் மலையிலிருந்து. பாறையும் மணலும் மழையில் துளித்துளியாகக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத சிலிகாவாக ஆற்றோடு கடலுக்கு வருகிறது. டயட்டம் அதை உறிஞ்சி வீடு கட்டுகிறது. செத்ததும் வீடு மூழ்குகிறது. பெரும்பாலும் வழியிலேயே கரைந்து, இன்னொன்றுக்குச் சரக்காகிவிடுகிறது. ஒரே சிலிகா இப்படி இருபது இருபத்தைந்து வீடு மாறிய பிறகுதான் அடிச்சேற்றில் போய்ப் படுக்கிறது. நாம் மூச்சில் இழுக்கிற பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு இவை விட்டதுதான் என்கிறார்கள்.

இனி காரியம். எனக்கு இங்கே ஆறு மாதம்தான். சொந்தமாக ஓர் ஆய்வு செய்து காட்டினால் இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அக்டோபரில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, அப்பாவின் பட்டறைக் கணக்கு மேசையில் உட்கார வேண்டியதுதான். அவர் ஆசைப்படுவதும் அதைத்தான். என்னை வழியனுப்பக்கூட வரவில்லையே.

அதனால் நம் ஊர்த் துறைமுகத்துத் தண்ணீரை இங்கே அளந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். பின்னறை அலமாரியில் நீல மூடி பிளாஸ்டிக் பாட்டில்கள் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை துறைமுகத்து முனையில் தண்ணீர் எடுத்து, காகிதப் புனலில் வடிகட்டி, பாட்டிலை மூன்று முறை அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் சேர்த்துவைத்து, தபால் படகு வருகிறபோது கொடுத்துவிடு. சின்ன வலை ஒன்றும் இருக்கிறது. அதைத் தண்ணீரில் இழுத்தால் ஒட்டுகிற சேறும் வேண்டும்.

எங்கள் தலைமை ஆய்வாளருக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். கேள்வி கேட்டால் குத்தும். அந்த அம்மாளிடம் நான் உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் பேத்தி

மே 2
வீடு

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை நான் நான்கு வீட்டில் வாசித்துக் காட்டியாயிற்று. நம் மருந்துக்கடைக்காரர் அந்தப் பூச்சி கடிக்குமா என்று கேட்டார். உங்களை மாதிரி ஆளை மட்டும் கடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துறைமுகத்துக்கு வாரம் தவறாமல் போகிறேன். கயிற்றில் வாளியைக் கட்டி இறக்குவதைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கிறது. ஐஸ்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "பாட்டியம்மா, கடலை முழுசா எடுத்துட்டுப் போயிடாதீங்க, எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வைங்க" என்கிறார். காசுக்குத்தான் ஐஸ் தருகிறார், பேச்சு மட்டும் இலவசம்.

வலையில் ஒட்டுகிற சேறு பழுப்பாக, விரலில் வழுக்குகிறது. நல்ல மகசூல் என்று நினைக்கிறேன். தனிச் சீசாவில் வைத்திருக்கிறேன். ஐஸ் பெட்டி சமையலறையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று உன் அம்மாவுக்கு மூக்கின்மேல் கோபம். இது உன் பெண்ணுடைய கடல், கொஞ்சம் நகர்ந்து நில் என்றேன்.

உன் அப்பனிடம் நெருப்பில்லாக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். ஊதுகுழாயைக்கூடக் கீழே வைக்காமல், "அப்போ நான் எதுக்கு முப்பது வருஷமா வெந்துக்கிட்டிருக்கேன்?" என்று கேட்டான். கேட்டானே தவிர, அன்று சாப்பிடும்போது அந்த டப்பிக்கு மூடி எப்படிப் பொருந்துகிறது என்று இரண்டாம் தடவை சொல்லச் சொன்னான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உனக்குத் தெரிந்தால் துள்ளிக் குதிப்பாய். ஆனால் இப்போது சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

பாட்டி

மே 28
தீவு

பாட்டி, பாட்டி,

இதை உட்கார்ந்துகொண்டு வாசி.

சிலிகாவை எப்படி அளப்போம் என்று சொல்கிறேன். தண்ணீரில் இரண்டு மூன்று மருந்து சேர்த்தால் நீலமாகும். சிலிகா எவ்வளவோ அவ்வளவு நீலம். நம் துறைமுகத்துத் தண்ணீரில் வெளிர் நீலம் வரும் என்று நினைத்திருந்தேன். ஏனென்றால் நீ அனுப்பிய சேற்றைப் பார்த்துவிட்டேன், அத்தனையும் டயட்டம், நெருக்கியடித்துக்கொண்டு. அத்தனை வாய் சாப்பிட்டால் பாத்திரம் காலியாக வேண்டுமா இல்லையா? வந்ததோ மை ஊற்றியதுபோல் நீலம். எல்லா வாரமும்.

அப்படியென்றால் சாப்பிடச் சாப்பிட யாரோ கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் துறைமுகத்தின் அடியில் சிலிகா ஊறுகிற இடம் ஏதோ இருக்கிறது, இதுவரை யாரும் பார்க்காதது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், பாட்டி, அதுவும் நம் ஐஸ்காரர் காலடியில்.

ஊசியம்மா நம்பவில்லை. ஆனால் அடுத்த வாரம் நிலையத்தில் எல்லோர் முன்னாலும் பேசு என்று சொல்லிவிட்டார். நான் சொல்வது நிலைத்தால் இரண்டு வருடம் எனக்குத்தான். எனக்குத் தூக்கமே இல்லை, நடக்கும்போதுகூட வாய் முணுமுணுக்கிறது. நான் சொன்னபடி மூன்று முறை அலசினாயா, வடிகட்டினாயா, வேறு எதிலாவது ஊற்றினாயா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுது. ஊசியம்மா நிச்சயம் கேட்பார்.

உன் பேத்தி

ஜூன் 15
வீடு

என் ராசாத்திக்கு,

கண்டுபிடிப்பாளரின் பாட்டி என்று இப்போது தெருவில் எனக்கு வழிவிடுகிறார்கள். ஐஸ்காரர் பாத்திரம் தன் காலடியில் என்று கேட்டதிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாயே, அதனால் உத்தரவை மீறிச் சொல்லிவிடுகிறேன். நீ வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பாட்டிலை உன் அப்பன் பார்த்தான். தொட்டுப் பார்த்தான், அழுத்திப் பார்த்தான், பொக்கு என்று உள்ளே போயிற்று. மூன்று தலைமுறையாகக் கண்ணாடி ஊதுகிற வீடு, நம் பிள்ளை ஆராய்ச்சிக்கு இந்தப் பொக்குப் பாட்டிலா என்று ஒரு வார்த்தை சொன்னான், போய்விட்டான். மறுவாரம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். புதுக் கண்ணாடிச் சீசாக்கள், ஆள் வைத்துச் செய்யவில்லை, தன் வாயாலேயே ஊதியவை. கழுத்து அத்தனையும் ஒரே அளவு, மூடி திருகினால் சத்தமில்லாமல் உட்காருகிறது. "அவகிட்ட சொல்லாதீங்கம்மா, தலைக்கு ஏறிடும்" என்றான். அப்படித்தான் உன்னோடு பேச ஆரம்பித்திருக்கிறான், புரிகிறதா?

சோடா போட்டு வெந்நீரில் நான் கழுவிய கழுவலில் அவை பளபளக்கின்றன. தண்ணீரை எடுத்ததும் அதில்தான் ஊற்றிவைப்பேன். தபால் படகு வருகிற அன்று மட்டும் மறுபடி உன் பிளாஸ்டிக்கில் மாற்றிவிடுவேன், ஏனென்றால் அந்தப் படகுக்காரர் கண்ணாடியை ஏற்ற மாட்டாராம். மற்றபடி நீ சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

மேடையில் பேசும்போது உன் அப்பன் சீசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்.

பாட்டி

ஜூன் 29
தீவு

பாட்டிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் அதற்கு முன்பே பேசிவிட்டேன்.

கண்ணாடி என்பதே சிலிகா. உப்புத் தண்ணீரை அதில் வாரக்கணக்கில் வைத்தால் கண்ணாடி கரைந்து தண்ணீரில் இறங்கும். நான் அளந்தது துறைமுகத்தை அல்ல, அப்பாவின் சீசாவை. உலகத்தில் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் கண்ணாடியைப் பயன்படுத்தலாம், இந்த ஒரு வேலையைத் தவிர.

நேற்று எல்லோர் முன்னாலும் எழுந்து, நான் சொன்னது தப்பு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. செப்டம்பருக்குள் புது அளவு கொண்டுவராவிட்டால் என் மேசைக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்றார் தலைமை ஆய்வாளர்.

நான் பிளாஸ்டிக் என்றுதானே எழுதினேன். நீங்கள் இனி தண்ணீர் எடுக்க வேண்டாம்.

ஜூலை 12
வீடு

பேத்திக்கு,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியதை நான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கிடைக்காத மரியாதை, வைத்துக்கொள்கிறேன்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்துவிட்டது. கடிதம் வந்ததும் பிரிக்காமலே உன் அப்பனிடம் கொடுத்தேன். சீசாவைப் பற்றி நீ எழுதிய பாராட்டை அவன் வாயாலேயே வாசிக்கட்டும் என்று ஆசை. அவனும் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. அப்புறம் மனசுக்குள் வாசித்தான். மடித்து என் மடியில் வைத்துவிட்டு உலைக்குப் போய்விட்டான்.

நீ வருவாய் என்பது அவனுக்கு வருத்தம் தருமா என்ன, இனிமேல் அக்டோபரில் கணக்கு மேசைக்கு ஆள் வந்துவிடுமே என்று உள்ளூர மகிழ்வான் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் வந்து நின்றான் பார், முகம் உலை மாதிரி சிவந்திருந்தது. "என் கண்ணாடி கரையுதா? இது என்ன சாயம் போற துணியா? அவளையே நிரூபிக்கச் சொல்லுங்கம்மா" என்றான். நீ தோற்றது அவனுக்கு உறைக்கவில்லை, தன் கண்ணாடி கரைகிறது என்றதுதான் உறைத்தது.

இத்துடன் இரண்டு பாட்டில் வருகின்றன. வண்டி பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் இரண்டிலும். ஒன்று அவன் சீசா, மற்றது உன் பொக்குப் பாட்டில். படகுக்காரரிடம் சீசாவுக்கு அவனே உத்தரவாதம் கொடுத்து ஏற்றியிருக்கிறான். அளந்து சொல்லு.

தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று நீ எழுதினால் நான் நிறுத்திவிடுவேனா? மழை பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண்ணாகப் பொங்கிக் கடலுக்குள் வெகுதூரம் சிவப்பாகப் பாய்கிறது. மலையிலிருந்து சரக்கு வருகிறது என்று நீதானே எழுதினாய், அந்தச் சரக்குத்தான் வந்து இறங்குகிறது, இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பது? முதல் தண்ணீரை எடுத்துவிட்டேன். பிளாஸ்டிக்கில் எடுத்து, பிளாஸ்டிக்கிலேயே வைத்து, பிளாஸ்டிக்கிலேயே அனுப்புகிறேன். கண்ணாடி வாளிகூடக் கிடையாது என்று சத்தியம் செய்கிறேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் வேலை கிடக்கிறது.

பாட்டி

ஜூலை 30
தீவு

அன்புள்ள பாட்டி,

உன்னை இனி நீ என்றே எழுதுவேன், திட்டினாலும்.

பிளாஸ்டிக் என்று எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. கண்ணாடிக்காரர் வீட்டில் காரணம் சொல்லாமல் பிளாஸ்டிக்கை நீட்டியது நான்தான். ஊசியம்மாவும் இதைத்தான் கேட்டார், "உங்க பாட்டிக்கு ஏன்னு சொன்னியா?" என்று.

அப்பாவிடம் சொல். அளந்துவிட்டேன். பொக்குப் பாட்டிலில் ஒன்றும் இல்லை. சீசாவில் நீலம் வந்தது. கண்ணாடி கரைகிறது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் இங்கே நிலையத்துக்கென்று வாங்கிய கண்ணாடிக் குடுவையிலும் அதே தண்ணீரை ஊற்றி அதே நாள் கணக்கு வைத்துப் பார்த்தேன். அதில் வந்த நீலம் இரண்டு மடங்கு. அப்பாவுடையது குறைவாகக் கரைகிறது. இதையும் அவர் சத்தமாகவே வாசிக்கட்டும்.

இன்னொன்று தோன்றியது, அதிலிருந்து கோபமே போய்விட்டது. கண்ணாடி கரையாத பொருளாக இருந்தால் என்ன ஆகும்? செத்த டயட்டத்தின் வீடெல்லாம் அப்படியே அடியில் குவிந்திருக்கும். மேலே கட்டுவதற்குச் சரக்கு தீர்ந்து கடல் எப்போதோ வெறுமையாகியிருக்கும். உயிரோடு இருக்கும்வரை வீட்டின்மேல் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, அதனால் கரையாது. செத்ததும் நுண்ணுயிர் அந்தத் தோலைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் கண்ணாடியைத் தொடும், கரைய ஆரம்பிக்கும். என்னைக் கவிழ்த்த அதே விஷயம்தான் கடலை நடத்துகிறது. அதைப் படிக்க வந்தவள் அதிலேயே வழுக்கி விழுந்திருக்கிறேன்.

மழைத் தண்ணீர் வந்தது. நல்ல அடர் நீலம், இந்த முறை நிஜமான நீலம். இனி டயட்டம் பெருக வேண்டும், அது தின்னத் தின்ன நீலம் வெளுக்க வேண்டும். அதை வாரம் வாரம் காட்டினால் போதும். செப்டம்பர் முதல் வாரம் இங்கே வந்து சேருகிற தபால் படகுதான் எனக்குக் கடைசி. எடு பாட்டி, விடாதே.

உன் பேத்தி

ஆகஸ்ட் 31
வீடு

என் தங்கத்துக்கு,

படகு இப்போதுதான் போயிற்று. உனக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை அதோடு அனுப்ப முடியவில்லை, ஏன் என்று கேள். அதுவும் இதுவும் சேர்ந்து அடுத்த சரக்குக் கப்பலில் வரும்.

உன் அப்பன் சீசாச் சேதியை வாசித்தான், சத்தமாகத்தான். "இரண்டு மடங்கு" என்கிற இடத்தை மட்டும் மறுபடி வாசித்தான். அன்றிலிருந்து அவனும் துறைமுகத்துக்கு வருகிறான். வாளி போட்டு எடுப்பது கரைத் தண்ணீர், உள்ளே போய் எடுத்தால்தான் சுத்தம் என்று படகு வாடகைக்குப் பிடித்து அவனே துடுப்புப் போடுகிறான். உலையில் வெந்த கை, துடுப்புப் பிடித்துக் கொப்புளித்துவிட்டது.

ஆனால் இந்தக் கடல் எங்களைப் படுத்தியது பார். மழை விட்டும் தண்ணீர் வெறும் செம்மண்ணாகவே நின்றது. வலையை இழுத்தால் மண்தான். வெயில் உள்ளே இறங்காவிட்டால் எதுவும் வளராதே. வாரம் போகிறது, வலை காலியாக வருகிறது. பெருகாமலே போய்விட்டால்? நானே ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், ஏண்டா, இது பெருகாவிட்டால் உனக்கு லாபம்தானே, பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாளே என்று. அவன் துடுப்பை நிறுத்தவில்லை. "வரட்டும். ஆனா அரைகுறையா விட்டுட்டு வரக்கூடாது" என்றான்.

போன வாரம் மண் அடங்கி, தண்ணீர் தெளிந்து வெயில் இறங்கிற்று. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கடல் நிறம் மாறியது. செம்மண் போய்ப் பச்சை, பச்சை போய்ப் பழுப்பு. வலையைத் தூக்கினால் கஞ்சி மாதிரி கனம். பட்டறையில் குமிழி பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து உன் அப்பன் அதைப் பார்த்தான். உருவம் தெரியவில்லை, மினுக்கம் மட்டும் தெரிந்தது. சரக்கு எல்லாம் இதுக்குள்ள போயிடுச்சு என்றான். நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தோம்.

இன்று காலை படகு புறப்படுகிற நேரம். கடல் அத்தனை பழுப்பாக என்றைக்குமே இல்லை. இன்னொன்று எடுத்தே ஆக வேண்டும் என்று அவன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தபால் படகுக்காரரோ கரையிலிருந்து ஏறப் போட்டிருந்த பாலப்பலகையை எடுக்கச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பலகையின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"பாட்டியம்மா, இது தபால் படகு, உங்க வீட்டு வண்டி இல்லை" என்றார் படகுக்காரர்.

"தபால் கொண்டுபோகத்தானே இந்தப் படகு? என் தபால் இன்னும் கடலிலே இருக்கு. வரட்டும், எழுந்திருக்கிறேன்."

ஐஸ்காரர் என் பக்கம் வந்து நின்றுகொண்டார், கேலி பேச அல்ல. கூட்டம் கூடிவிட்டது. உன் அப்பன் வருவது தெரிந்ததும் எல்லோரும் கையசைத்துக் கூப்பிட, அவன் மூச்சிரைக்க வந்து, துடுப்புப் படகிலேயே நின்றபடி வடிகட்டி, அலசி, நிரப்பி, கடைசி நீல மூடியைத் திருகிக் கொடுத்தான். எழுதி வைத்திருந்த கடிதம் என் இடுப்பிலேயே இருந்துவிட்டது. அதைக் கொடுக்க மறந்துபோய் எழுந்துவிட்டேன்.

சேர்ந்ததா, நீலம் எப்படி, சீக்கிரம் எழுது.

பாட்டி

செப்டம்பர் 16
தீவு

பாட்டி,

சேர்ந்தது. எல்லாம் சேர்ந்தது.

பாட்டில்களைத் தேதிவாரியாக மேசையில் அடுக்கி, மருந்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். ஊசியம்மா என் பின்னாலேயே நின்றார். முதல் குழாய் அடர் நீலம், மழைத் தண்ணீர். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது கொஞ்சம் இளைத்தது. பிறகு வானம்போல. பிறகு துணி வெளுத்த தண்ணீர்போல. அந்தக் கடைசிப் பாட்டில், நீ பலகையில் உட்கார்ந்து வாங்கியது, நிறமே எடுக்கவில்லை. வெறும் தண்ணீராக அப்படியே நின்றது. கருவியில் வைத்தேன். பூஜ்யம்.

மலையிலிருந்து ஆறு கொண்டுவந்து கொட்டிய அவ்வளவு சரக்கையும் அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் சுத்தமாகத் துடைத்துவிட்டன, பாட்டி. ஒரு துளி விடவில்லை. எனக்குப் பூஜ்யம் வந்து நான் ஆடியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கியபோது நீ என்னைத் துரத்தினாயே, அதற்கும் சேர்த்து ஆடினேன்.

ஊசியம்மா மிச்சத் தண்ணீரில் தானே ஒருமுறை எல்லாம் செய்து பார்த்தார். மறுபடியும் பூஜ்யம். பிறகுதான் கேட்டார், "இந்தக் கடைசிப் பாட்டில் இல்லைன்னா உன் வரைபடக் கோடு பாதியிலே நின்னிருக்கும். யார் எடுத்தது?" அப்பா என்றேன். என்ன வேலை செய்கிறார் என்றார். கண்ணாடி ஊதுகிறார் என்றேன். அந்த அம்மாள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்கள். அக்டோபரில் நான் வரவில்லை, பாட்டி. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீயே சொல்லிவிடு. அவர் தன் கையாலேயே என்னை இங்கே இருத்திவிட்டார் என்று தோன்றுகிறது.

இனி அடுத்த கேள்வி. சரக்கு தீர்ந்ததும் அவை பட்டினியில் மூழ்கும், அடியில் கரையும், மறுபடி மேலே எப்போது வரும்? அது யாருக்கும் தெரியாது, நம் துறைமுகத்தில்.

உன் பேத்தி

அக்டோபர் 2
வீடு

என் கண்ணுக்கு,

நான் எதையும் சொல்லவில்லை. கடிதத்தை அவனிடமே கொடுத்தேன். இந்த முறை நான் பிரித்து வாசித்துவிட்டுத்தான் கொடுத்தேன், ஒருமுறை சூடுபட்டது போதும்.

பட்டறையில் எல்லோருக்கும் முன்னால் நின்று வாசித்தான். பூஜ்யத்துக்கு வந்ததும் உலைக்காரர்கள் கை தட்டிய தட்டலில் அலமாரிச் சீசாக்கள் கிணுகிணுத்தன. ஐஸ்காரர் கடைசிப் பாட்டிலுக்கு ஐஸ் கொடுத்தது தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், காசு வாங்கியதைச் சொல்லவில்லை. உன் அம்மா அழுதாள், ஐஸ் பெட்டி இன்னும் இரண்டு வருடம் சமையலறையில் இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததுபோல் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அக்டோபரில் வரவில்லை என்கிற வரியை உன் அப்பன் தாண்டிப் போகவில்லை. அதையும் வாசித்தான், மற்ற வரியை வாசித்த அதே குரலில். தன் கையாலேயே இருத்திவிட்டார் என்கிற இடத்தில் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், எழுத்து தெரியாததுபோல. பிறகு மடித்தான். கணக்கு மேசைக்குப் போய், உனக்கென்று வாங்கி வைத்திருந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, அன்றைய சரக்கு விவரத்தை எழுதினான்.

நான் வீட்டுக்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்தபின் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"அம்மா, அந்தப் பூச்சியெல்லாம் இப்போ பட்டினி கிடக்குமில்ல?"

கிடக்கும் என்றேன்.

"அப்போ இந்த வாரமும் தண்ணி எடுக்கணுமே. அவகிட்ட பாட்டில் அனுப்பச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, முகத்தை மேசைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான், "பிளாஸ்டிக் பாட்டில்."

பாட்டி